கிழங்கு மிஷின் மேல் ஆறு பேர் சிரிப்பு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். உருளைக்கிழங்கு வயலில் எல்லோருக்கும் அவள் ரேடியோ. காரணம் கேட்கவே வேண்டாம். காலையில் மிஷின் பலகையில் கால் வைக்கும்போது திறந்த வாய் சாயங்காலம் இறங்கும்போதுதான் மூடும். நடுவில் சாப்பாட்டு வேளையிலாவது மூடுமே என்று நினைத்தால், அப்போது மென்றுகொண்டே பேசுவாள்.

இது பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் பேச்சுத் தாங்காமல் டீச்சர் அவளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலோரம் வந்துவிட்டார்கள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற டிராக்டர் டிரைவர். அந்த நாலில் இரண்டு 'ம்'. கல்யாணமான புதிதில் பயந்துபோய், உங்கள் பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று மாமியாரிடம் கேட்டே விட்டாள். பேச வேண்டியது வந்தால் பேசுவான் என்றார் மாமியார். அந்த நல்ல நாளுக்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள்.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஒரே இடம் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் டிராக்டர் ஓட்டுவார். டிராக்டருக்குப் பின்னால் கிழங்கு தோண்டும் மிஷின் கட்டியிருக்கும். அது மண்ணைக் குடைந்து கிழங்கும் கட்டியும் கல்லுமாக வாரி ஒரு பெல்ட்டில் ஏற்றும். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று பெண்கள், அந்தப் பக்கம் மூன்று பெண்கள், ஆளுக்கு ஒரு முழம் பலகையில் நின்றபடி கட்டியையும் கல்லையும் பொறுக்கி வெளியே எறிவார்கள். கிழங்கு மட்டும் பின்னால் இருக்கும் வண்டியில் போய் விழும். டிரைவருக்குக் கண்ணாடி போட்டு அடைத்த கேபின், உள்ளே குளுகுளுவென்று காற்று, காலை முதல் மாலை வரை மடிப்புக் கலையாத சட்டை. ரேடியோவுக்கு வயல் முழுக்க மூக்கில்.

தூசி என்றால் அலமாரி மேல் விரலால் கோடு போடுகிற வீட்டுத் தூசியை நினைத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் காய்ந்த மண்ணை இரும்புப் பல் கிளறி, சல்லடை உலுக்கி, பெல்ட் உதறினால் எழும்புகிற தூசி அது. காற்று எதிரே அடித்தால் பின்னால் போய்விடும். முதுகில் அடிக்கும் சாலில், அதாவது கிழங்கு வரிசையில், திரும்பினால் மிஷினோடு கூடவே வரும், வழித்துணைக்கு வருவது மாதிரி. எதிரே நிற்பவளின் முகம் தெரியாது, துணி கட்டிய தலையும் இரண்டு கண்ணும்தான் தெரியும். சாயங்காலம் பார்த்தால் ஆறு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே நிறம். வேலைக்குப் போன மனைவியைத்தான் கூட்டி வருகிறோமா என்று டிரைவர் ஒருமுறை நின்று உற்றுப் பார்த்ததாக ரேடியோ எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

முதலாளி மாஸ்க் கொடுக்காமல் இல்லை. பெட்டி பெட்டியாகக் கொடுத்தார். ஆனால் மாஸ்க் போட்டால் பேச முடியாது, பேசினாலும் மிஷின் சத்தத்தில் எதிரே போய்ச் சேராது. பேச்சில்லாமல் அந்தப் பலகையில் நாள் முழுக்க நின்று கல் பொறுக்குவது மனித ஜென்மத்தால் ஆகிற காரியமா? அதனால் மாஸ்க்குகள் தாடையில் தொங்கின. ஒருத்தி அதில் தலைமுடியைக் கட்டினாள். இன்னொருத்தி வீட்டில் டீ வடிகட்டுவதாகச் சொன்னாள், அதை யாரும் நேரில் பார்க்கவில்லை.

பேச்சில் ரேடியோவின் சிறப்பு ஜோக்கு. பெரும்பாலும் டிரைவர்தான் அதில் அடிபடுவார். "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் வாயைத் திறந்தாரு. நான் பதறிப்போய் டாக்டரைக் கூட்டியாந்தேன். டாக்டர் பார்த்துட்டு, பயப்படாதீங்கம்மா, கொட்டாவிதான்னுட்டாரு." இதைச் சொன்னால் ஆறு பேரும் குனிந்து, விலாவைப் பிடித்து, கண்ணில் நீர் வழியச் சிரிப்பார்கள். தோள்கள் குலுங்கும். கேபின் கண்ணாடியில் அது அப்படியே தெரியும். உள்ளே டிரைவர் ஒரு சத்தமும் கேட்காமல் கியர் மாற்றுவார்.

எதிர்ப் பக்கத்தில் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் ரேடியோவின் நாத்தனார், டிரைவருக்குக் கூடப் பிறந்த தங்கை. ரேடியோவுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அண்ணி சொன்ன ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்த நாத்தனார் உலகத்தில் எங்கே இருக்கிறாள்? ஆனால் கைதட்டல் வாங்குகிறவர்கள் கைதட்டுகிறவர்களின் ஜாதகத்தை ஆராய்வதில்லை. வருஷத்துக்கு வருஷம் சிரிப்பு நீண்டுகொண்டே போனது. நமக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று ரேடியோ உச்சி குளிர்ந்து போனாள்.

அவளுடைய சொந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதில் ஒரு விஷயம் இருந்தது.

இரண்டு அறுவடைக்கு முன்னால் அவளுக்கு இருமல் தொடங்கியது. முதலில் சாயங்காலம், பிறகு காலையிலும். வறட்டு இருமல், வந்தால் லேசில் விடாது. இருமுகிறவர்களை மேஸ்திரி பலகையில் வைத்துக்கொள்ள மாட்டார். மேஸ்திரி என்பவர் வேலையை மேய்க்கிறவர், வரப்பு மேல் நாற்காலி போட்டுக் காற்று வரும் பக்கமாக உட்கார்ந்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. இருமினால் கண் கலங்கும், கண் கலங்கினால் கல் தப்பி மூட்டைக்குள் போகும் என்பது அவர் கட்சி. சிரித்தாலும் கண் கலங்கத்தானே செய்யும் என்றால், அது அவர் கட்சியில் சேராது. இருமல் கேட்டால் உடனே ஆளை ஷெட்டுக்கு மாற்றிவிடுவார், அதையும் தாம் செய்யும் உபகாரம் என்றே நினைத்திருந்தார்.

ஷெட் என்பது மூட்டை தைக்கிற இடம். தூசி குறைவு, நிழல் உண்டு. ஆனால் தையல் மிஷின்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஒவ்வொருத்தரும் ஒரு மூலையில் தனித்தனியாக உட்கார வேண்டும். ரேடியோவின் சின்னம்மா முன்பு அவள் பக்கத்தில்தான் பலகையில் நின்றாள். ஒரு நாள் மேஸ்திரி முன்னால் இருமித் தொலைத்தாள், மறுநாளே ஷெட். அங்கே போய் ரேடியோ அவளைப் பார்த்தபோது, எப்படி இருக்கே சின்னம்மா என்று இரண்டு முறை கத்தினாள். சின்னம்மா கையை ஆட்டி, தலையை ஆட்டி, மறுபடி ஊசிக்குக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தாலும் இப்போது அவள் கையால்தான் பேசுகிறாள் என்று சித்தப்பா சொன்னார். அந்தப் பலகையும் கூட நிற்கும் ஐந்து பேரும் போய்விட்டால் ரேடியோவிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். இருமல் நெஞ்சுக்குள் கிளம்புவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும், கூசும். கூசியவுடன் ஒரு ஜோக்கை எடுப்பாள். இருமல் தொண்டைக்கு வரவும் ஜோக்கு முடியவும் சரியாக இருக்கும். பிறகு என்ன, குனிந்து குலுங்க வேண்டியதுதான். சிரிக்கிறவள் இருமினால் சிரித்து இருமுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். இருமல் சீக்கிரம் வந்தால் ஜோக்கைச் சுருக்குவாள், தாமதித்தால் நடுவில் ஒரு மாமாவையோ மச்சானையோ நுழைத்து நீட்டுவாள். இவ்வளவு நுணுக்கமாக யாரும் இருமியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் இந்த வித்தை செல்லுபடியாகவில்லை. குழாயடியில் அவள் கைகால் கழுவும்போது தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில் ஓடும். அங்கே இருமல் வந்தால் பேசாமல் இருமிவிடுவாள், கணவரைக் கணக்கில் எடுத்தால்தானே. அப்படி ஒரு நாள் இருமி முடித்து நிமிர்ந்தபோது டிரைவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வா, டாக்டர்ட்ட போலாம்," என்றார்.

அது மூன்று வார்த்தை. வாரக் கணக்கில் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துபோனதால் அவள் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினாள். டாக்டர் மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். பொடி மண் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, உட்கார்ந்தது எழுந்து வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்றார். நல்ல மண்ணுங்க டாக்டர், எதைப் போட்டாலும் முளைக்கும் என்றாள் ரேடியோ. டாக்டர் சிரிக்கவில்லை. மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் போடச் சொன்னார், முடிந்தால் தோண்டுவதற்கு முந்தின சாயங்காலம் நிலத்தில் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், மண் அடங்கும் என்றார். வெளியே வந்ததும், ரசனையே இல்லாத மனுஷன் என்று ரேடியோ டாக்டருக்குச் சான்றிதழ் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அதிசயம் நடந்தது. டிரைவர் கேபினை விட்டு இறங்கி, வரப்பு வரை நடந்து போய், மேஸ்திரியிடம் வாயைத் திறந்து பேசினார். கைகூட ஆட்டினார். பலகை மேல் இருந்த ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாத்தனாருக்கே தன் அண்ணனை அடையாளம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் அவள் விசாரித்தாள். தெளிப்பானைப் போடச் சொன்னேன் என்றார் டிரைவர். மேஸ்திரி மாட்டேன் என்றுவிட்டாராம். பைப்பை இழுத்துப் போட ஆள் வேண்டும், ஈரமானால் கிழங்கில் மண் ஒட்டும், இதெல்லாம் எதற்கு என்றாராம்.

"தூசி, அவங்க கஷ்டப்படுறாங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு, நாள் பூரா சிரிச்சுக்கிட்டே வேலை பார்க்குறாங்க, அவங்களுக்கு என்ன கஷ்டம்னுட்டாரு."

ரேடியோவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேஸ்திரி வரை நம் புகழ் போயிருக்கிறதே என்று துண்டை உதறினாள். டிரைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் யாரும் எதிர்பாராமல் ராத்திரி ஒரு தூறல் போட்டது. வேலை நிற்கிற அளவுக்கு இல்லை, மண்ணின் மேல்தோல் நனைகிற அளவுக்குத்தான். காலையில் மிஷின் கிளம்பியபோது தூசியே எழும்பவில்லை. பெல்ட்டில் கட்டிகள் சமர்த்தாக வந்தன. எதிர்ச் சாரியில் நிற்பவர்களின் முகம் முழுசாகத் தெரிந்தது. நாத்தனாரின் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருப்பதை ரேடியோ வெகுநாள் கழித்துப் பார்த்தாள். முகத்துணிகளை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். இப்படி ஒரு மேடை இனி அமையாது என்று ரேடியோ முடிவு செய்தாள்.

அவளிடம் ஒரு புது ஜோக்கு தயாராக இருந்தது. ஒரு தவளையும் ஒரு தபால்காரரும் வருகிற நீளமான ஜோக்கு. இங்கே சொல்ல இடமில்லை, சொன்னாலும் நீங்கள் சிரிக்கப் போவதில்லை. பல நாள் மெருகேற்றி வைத்திருந்ததை அவள் குரல் மாற்றி, தவளையாகக் கண்ணை உருட்டி, ஏற்ற இறக்கத்தோடு வெளுத்து வாங்கினாள். முடித்துவிட்டு, சிரிப்பு வருவதற்காகக் காத்திருந்தாள்.

பெல்ட் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"அப்புறம்?" என்றாள் நெட்டை. ஆறு பேரில் உயரமானவள் அவள், ரேடியோவுக்குப் பக்கத்துப் பலகை.

அப்புறம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான் என்று ரேடியோ விளக்க வேண்டியதாயிற்று. ஜோக்கை விளக்குவதைப் போன்ற கேவலம் வேறு இல்லை. சரி, தவளை இவர்களுக்கு எட்டவில்லை என்று, ஒருபோதும் தோற்காத தன் மேஸ்திரி ஜோக்கை எடுத்தாள். மேஸ்திரி கிழங்கு என்று நினைத்து வயலிலிருந்து ஒரு மண்ணாங்கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார், மனைவி அதைக் குழம்பில் போட்டாள், குழம்பு நல்ல கெட்டியா வந்திருக்கு, கிழங்குதான் எங்கேன்னு தெரியலே என்றாள். இதற்குப் போன வாரம் மிஷினே நின்றுபோகும் அளவுக்குச் சிரித்திருந்தார்கள். இன்று ஒருத்தி புன்னகைத்தாள், அதுவும் மரியாதைக்கு. நாத்தனார் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

ரேடியோ முகத்தில் ஈயாடவில்லை. மதியச் சாப்பாடு வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ ரிப்பேரா என்று மேஸ்திரி வரப்பிலிருந்து கத்திக் கேட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. என்மேல் கோபமா, வீட்டில் ஏதாவது வாய்தவறிச் சொல்லிவிட்டேனா என்று நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார்கள்.

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "உங்க ஜோக்குக்கு நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல."

"பொய் சொல்லாத. போன வாரம்கூட நீ குனிஞ்சு குனிஞ்சு..."

"இருமினேன்."

ரேடியோ கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.

நாத்தனார் அவிழ்த்துவிட்டாள். இருமல் அவளுக்கும் வெகுநாளாக இருக்கிறது. ஷெட்டுக்குப் போக அவளுக்கும் பயம். ரேடியோ ஜோக்கு சொல்ல ஆரம்பித்தாலே நிம்மதியாக இருக்கும், முடிகிறவரை நெஞ்சில் அடக்கி வைத்து, முடிந்ததும் அவிழ்த்துவிடுவாள். நானும்தான் என்றாள் நெட்டை. மிச்சம் மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் இருமுகிறோம், மற்றவர்கள் நிஜமாகவே சிரிக்கிறார்கள், இந்த ஜோக்குக்குப் போய் எப்படித்தான் இவர்களுக்குச் சிரிப்பு வருகிறதோ என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள். இன்று தூசி இல்லை, இருமல் இல்லை, ஒருத்தியும் சிரிக்கவில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"நீங்க உங்க ஜோக்குக்கு நீங்களே அந்தச் சிரிப்புச் சிரிப்பீங்களே, அதுதான் அண்ணி எங்களுக்கு ஒரே கடுப்பு," என்றாள் நாத்தனார்.

"நானும் இருமத்தாண்டி செஞ்சேன்," என்றாள் ரேடியோ.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோவுக்கு முதலில் வந்தது அவமானம். இத்தனை வருஷப் புகழும் வெறும் இருமல். அதை விழுங்குவதற்குள் இன்னொன்று வந்தது. உள்ளே மண் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். ஆறு பேருக்குமா? எதிரே நாத்தனார், அவள் பிள்ளைகளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. நெட்டைக்கு முப்பதுகூடத் தாண்டவில்லை. கடைசியில் மேஸ்திரி சொன்னதாகக் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. நாள் பூரா சிரிக்கிறாங்க, அவங்களுக்கு என்ன கஷ்டம். தண்ணீர் கேட்கப் போன மனிதனைத் திருப்பி அனுப்பியது அவளுடைய ஜோக்குதான். துண்டை வேறு உதறிக் காட்டினாள். குழாயடியில் டிரைவர் பார்த்த பார்வைக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. அவர் கேபின் கண்ணாடியில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர், குழாயடியில் அவள் இருமுவதையும் பார்த்தவர். சத்தமில்லாமல் பார்த்தால் சிரிப்பும் இருமலும் ஒன்றுதான்.

ஈரம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. வெயில் ஏறி, மண் பொரிந்து, தூசி தன் வேலைக்குத் திரும்பியது. காலையில் பலகை ஏறும்போதே ரேடியோ சொல்லிவிட்டாள்: இன்றைக்கு ஜோக்கு கிடையாது, வருகிற இருமலை அப்படியே இருமுங்கள், மேஸ்திரி காதில் விழட்டும். என்னை ஷெட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும் என்றும் சொன்னாள். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. பலகையில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தபோது, இதை நாளைக்குப் பிடிப்போமா என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

முதல் சாலின் தலையில், மேஸ்திரியின் நாற்காலிக்கு நேராக மிஷின் திரும்பியது. ரேடியோ இருமினாள். அடக்காமல், நீட்டாமல், மாமா மச்சான் யாரும் இல்லாமல். நாத்தனார் இருமினாள், நெட்டை இருமினாள், ஆறு பேரும் பலகையைப் பிடித்துக் குனிந்து குலுங்கினார்கள்.

மேஸ்திரி முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

"என்ன ரேடியோ, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா? நேத்து ஆளே சரியில்லையேன்னு பார்த்தேன்," என்றார்.

மிஷினை நிறுத்தச் சொல்லும் மணிக் கயிறு ஒன்று பலகையோரம் தொங்கும், ரேடியோ அதை இழுத்தாள். கேபினில் மணி அடித்து டிராக்டர் நின்றது. தூசி இறங்குகிறவரை காத்திருந்து அவள் சொன்னாள். "மேஸ்திரி, நாங்க சிரிக்கல. இருமுறோம்."

மேஸ்திரி தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், ஆறு பேருக்கும் இருமல், ரொம்ப நாளாக இருமல் என்றாள் ரேடியோ. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனாரும் சேர்ந்து சத்தியம் செய்தாள், அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார். ஆறு பேரும் பேசிவைத்துக்கொண்டு நம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று அவருக்கு எண்ணம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜோக்கும் கலக்காமல் பேசியதற்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததைப் பார்த்து ரேடியோவுக்கு அழுகையே வந்தது. இத்தனை நாள் தான் சொன்னதற்கெல்லாம் இதுதான் கூலி என்று தோன்றியது. அழுகையை விழுங்கிக்கொண்டாள். அழுதால் அதற்கும் சிரிப்பார்.

அப்போதுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. சிரிக்க வந்த மனிதரைச் சிரிப்பை வைத்துத்தானே கூப்பிட முடியும்.

"இது பாதிதான் மேஸ்திரி. முடிவு இனிமேதான் வரும். ஆனா அதை இங்கே பலகையில நின்னு கேட்டாத்தான் புரியும். என் இடத்துல ஒரு சால் நில்லுங்க."

மேஸ்திரிக்கு ஆசை வந்துவிட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பலகை மேல் ஏறி, அவளுடைய இடத்தில் நின்றார். ரேடியோ பின்படியில் தொற்றிக்கொண்டாள். காற்று முதுகில் அடிக்கும் சால் அது. டிரைவர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் என்றைக்கும் போகிற வேகத்தில்தான் போனார், ஒரு இம்மி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பத்தடி போவதற்குள் தூசி கூடவே வந்து சூழ்ந்துகொண்டது. மேஸ்திரி முதலில் ஏதோ கேட்க வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் வயல் போயிற்று. கண்ணைக் கசக்கினார். இரண்டு கல்லைப் பொறுக்கினார், மூன்றாவது தப்பிப் போனது. துண்டு நுனியால் மூக்கைப் பொத்தினார், அப்புறம் பொறுக்கக் கை போதவில்லை. பாதிச் சாலில் இருமல் பிடித்துக்கொண்டது. பழகாத நெஞ்சு அல்லவா, பிடித்த பிடியில் அவரை இரண்டாக மடக்கியது. பலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய அவர் இருமிக்கொண்டே வந்தார்.

சாலின் கடைசியில் பம்ப்செட் பார்க்கிறவர் வரப்பில் நின்றிருந்தார். மிஷின் நின்றதும் மேஸ்திரியின் கோலத்தைப் பார்த்து அவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது.

"என்ன மேஸ்திரி, ரேடியோ உங்களையும் கவுத்துட்டாளா?" என்றார்.

மேஸ்திரி இல்லை என்று கையை ஆட்டினார். அதற்கும் பம்ப்செட்காரர் சிரித்தார். மேஸ்திரி நெஞ்சைக் காட்டினார், வாயைக் காட்டினார், ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. சிவந்த கண்ணோடு திரும்பி ரேடியோவைப் பார்த்தார். அவள் பின்படியிலிருந்து இறங்கி அவர் எதிரே வந்து நின்றாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடிவு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

"உங்களை ஷெட்டுக்கு அனுப்பிரலாமா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

முதலில் நாத்தனாரிடமிருந்துதான் சிரிப்பு வந்தது, அவள் அடக்கப் பார்த்தும் முடியாமல். அடுத்து நெட்டை, அடுத்து மற்றவர்கள். அந்தச் சத்தத்தை ரேடியோ அதுவரை கேட்டதில்லை, அது மெலிசாக, மேலேறி, மூச்சு முட்டாமல் வந்தது. இவர்கள் சிரித்தால் இப்படித்தான் இருக்குமா என்று அவள் வாய் பிளந்து நின்றாள். இருமலும் வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது.

மேஸ்திரி பலகையிலிருந்து இறங்கினார். யாரையும் ஷெட்டுக்குப் போகச் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவும் அவரிடம் தொண்டை இல்லை. இருமிக்கொண்டே வரப்பில் நடந்து, இன்னமும் சிரித்துக்கொண்டிருந்த பம்ப்செட்காரரைக் கையால் ஒதுக்கிவிட்டு, நாளைக்குத் தோண்ட வேண்டிய பக்கத்துக்கான தெளிப்பான் வால்வைத் தானே திருகித் திறந்தார்.